நிறுவனம் நிலைத்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கொந்தளிப்பான காலத்தில் தொழில் நிறுவனங்கள் நிலைத்து நிற்பது எப்படி என்ற கேள்வி இன்று எங்கும் கேட்கப்படுகிறது. வணிகவியல் வகுப்பறையில் கேட்கப்படுகிறது. நாளிதழின் வணிகப் பக்கத்தில் கேட்கப்படுகிறது. வேலைவாய்ப்பு முகாமில் பேசும் அதிகாரிகளின் வாயிலும் அடிபடுகிறது. கேட்பதில் தவறில்லை. அண்மை ஆண்டுகளில் வீசிய புயல்கள் கொஞ்சமா? 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்து ஆலைகளின் கதவைச் சாத்தியது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டு எண்ணெய் விலையை ஏற்றியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரில் பின்னலாடை தைப்பவர் வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஆயினும் அக்கேள்விக்கு விடை தேடப் புகுமுன், வேறொரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். நிலைத்து நிற்க வேண்டியது எது? நிறுவனத்தின் பெயர்ப்பலகையா? அதன் பங்கு விலையா? அல்லது அதை நம்பிக் கைத்தொழிலையும் காலத்தையும் ஒப்படைத்த மனிதர்களும் ஊரும் சேர்ந்தா? பெயர் மட்டும் பிழைத்து, நம்பியவர்கள் மூழ்கிவிட்டால் அதற்கு 'நிலைபேறு' என்று பெயர் சூட்டுவது தகாது என்பதே என் துணிபு.

இது நமக்குத் தொலைவில் நடக்கும் விவாதம் அன்று. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் கம்பெனி பஸ்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றிச் செல்கின்றன. நாளை அவற்றில் ஏறப் போகிறவர்கள் நம்மில் பலர்.

இரும்பும் ரப்பரும்

நான் இயற்பியல் மாணவன் என்பதால், எங்கள் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன். மீட்சிப் பண்பு குறித்த பாடத்தில் ஆசிரியர்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: இரும்பு, ரப்பர் இவற்றுள் மீட்சிப் பண்பு மிக்கது எது? கீழ் வகுப்பில் எல்லாரும் 'ரப்பர்' என்போம். சரியான விடை இரும்பு. இழுத்தால் நீளுவது மீட்சிப் பண்பு ஆகாது. உருமாற்ற முயலும் விசையை எதிர்த்து நின்று, விசை நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புவதே மீட்சிப் பண்பு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. மீட்சி எல்லையைத் தாண்டி இழுக்கப்பட்ட கம்பி, சுமையை எடுத்த பிறகும் பழைய நீளத்துக்கு வருவதில்லை.

இன்று நிறுவனங்கள் 'வளைந்து கொடுக்கும் தன்மை வேண்டும்' என்கின்றன. அதன் நடைமுறைப் பொருள் பெரும்பாலும் என்ன? தேவை கூடும்போது ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்ப்பது. தேவை குறைந்ததும் நிறுத்துவது. அப்போது வளைவது நிறுவனம் அன்று; தொழிலாளியின் குடும்பம். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார். ஆர்டர் குறைந்த மாதத்தில் 'அடுத்த வாரம் சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அந்தத் தொழிற்சாலை இன்றும் நன்றாக ஓடுகிறது. அவர் பைக்குக்கு வாங்கிய கடனுக்காக அந்த பைக்கையே விற்றார். கம்பி அறுந்த இடம் எது என்று எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

நம் மாவட்டம் கண்ட பாடம்

எல்லாரும் அறிந்த பெரிய உதாரணத்துக்கு வருவோம். பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 1865-இல் மரக்கூழ் ஆலையாகத் தோன்றியது. பின்னர் காகிதம், ரப்பர் காலணி, மின்கம்பி எனப் பல தொழில்களின் கூட்டாக வளர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியம் சிதறியபோது பின்லாந்தின் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. அந்த நெருக்கடியில் நோக்கியா மற்றத் தொழில்களைக் கைவிட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றையே பற்றிக்கொண்டது. 1998-இல் செல்பேசி செய்வோரில் உலகில் முதலிடம் பிடித்தது.

அந்த நிறுவனம் 2006-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. உச்ச காலத்தில் சுமார் 8,000 பேர் அதில் நேரடியாக வேலை செய்தனர். அவர்களில் பெருந்தொகையினர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம் பெண்கள். உதிரிபாகம் செய்வோர், உணவு சமைப்போர், விடுதி நடத்துவோர், பஸ் ஓட்டுவோர் என அதைச் சார்ந்து பிழைத்தவர் வேறு.

பின்பு புயல் வந்தது. 2007-இல் ஆப்பிளின் ஐபோன் வந்தது; 2008-இல் ஆண்ட்ராய்டு செல்பேசி வந்தது. தொடுதிரைக் காலத்தின் வேகத்தை நோக்கியா பிடிக்கவில்லை. 2013 செப்டம்பரில் தன் செல்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, இந்திய வரித்துறையுடன் இருந்த வழக்கின் காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் கைமாறாமல் நின்றது. சில மாதங்கள் ஒப்பந்தத்தின் பேரில் மைக்ரோசாஃப்டுக்குச் செல்பேசி செய்து கொடுத்தது. அந்த ஒப்பந்தமும் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நிறுத்தப்பட்டது. திறந்து எட்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நோக்கியா அழிந்துவிடவில்லை. தொலைத்தொடர்பு வலையமைப்புக் கருவிகளில் கவனம் செலுத்தியது. 2016-இல் அல்காடெல்-லூசென்ட் நிறுவனத்தையே தன்னுடன் இணைத்துக்கொண்டது. நிர்வாகவியல் நூல்கள் பார்வையில் அது மீண்டெழுந்த நிறுவனம், பாராட்டுக்குரிய நிறுவனம். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் வேலை இழந்தவரின் பார்வையிலிருந்து எழுதினால் கதை வேறாகும். விருப்ப ஓய்வுத் தொகை தரப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து வயதில் 'ஓய்வு' பெறுவது எத்தகைய விருப்பம்? செல்பேசிப் பலகையில் குறிப்பிட்ட ஒரு பாகத்தைப் பொருத்துவதில் தேர்ந்த கைக்கு, அந்த வரிசை நின்ற பிறகு எங்கே வேலை? நிறுவனத்தின் கையில் வேறு தொழில் இருந்தது. தொழிலாளியின் கையில் அந்த ஒரு வேலைதான் இருந்தது.

குற்றம் முழுவதையும் ஒருவர் தலையில் சுமத்துவது எளிது. காலத்தைக் கணிக்கத் தவறிய நிர்வாகம், ஆண்டுக்கணக்கில் இழுத்த வரி வழக்கு, வேகமாக மாறிய தொழில்நுட்பம் என மூன்றும் சேர்ந்தே அந்தக் கதவைச் சாத்தின. ஆனால் மூன்றுக்கும் விலை கொடுத்தவர், மூன்றிலும் பங்கில்லாதவர். என் மனத்தை உறுத்துவது இதுதான்.

இடுக்கண் அழியாமை யாருக்கு?

துன்பத்தில் தளராதே என்று நமக்கு எல்லாரும் உபதேசிக்கிறார்கள். வள்ளுவரும் 'இடுக்கணழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அதை எங்கே வைத்தார் என்று பாருங்கள். பொருட்பாலில், அரசியல் என்னும் இயலின் இறுதி அதிகாரமாக வைத்தார். அதாவது, ஆளும் பொறுப்பில் இருப்பவனுக்குச் சொன்ன பாடங்களின் முடிவில் வைத்தார். துன்பத்தைத் தாங்குவது தலைமையின் இலக்கணம் என்பது அந்த வைப்பு முறையிலிருந்து நான் கொள்ளும் பொருள். இன்றைய நிர்வாகங்களோ அப்பாடத்தைத் தம்மிடமிருந்து எடுத்துத் தொழிலாளரிடம் கொடுத்துவிட்டன.

அப்படியானால் நிர்வாகம் செய்ய வேண்டியது என்ன? எனக்குப் பட்ட மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் நல்ல காலத்தில் செய்ய வேண்டியவை; புயல் வந்த பிறகு தொடங்கினால் பயன் தராதவை.

முதலாவது: மழைக்காலத்துச் சேமிப்பு

நம் ஊரின் பெரிய ஏரியைப் பாராதவர் இக்கல்லூரியில் இல்லை. பல்லவர் காலத்திலிருந்தே கல்வெட்டுகள் வயிரமேகத் தடாகம் என்று ஒரு பெரிய ஏரியைப் போற்றும் ஊர் இது. ஏரி என்பது என்ன? மழை பெய்த ஆண்டில் கிடைத்த நீரையெல்லாம் அப்போதே செலவழிக்காமல் கரை கட்டி நிறுத்துவது. கோடையில் நெல்லைக் காப்பது கோடையில் செய்த வேலை அன்று. மழைக்கு முன் கரைக்குப் போட்ட மண்.

நிறுவனத்துக்கு அந்தக் கரைதான் காப்பு நிதி. 1956-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் கீழ், பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுக்குமுன் இலாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதிக்கு மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 2013-ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கூட்டுறவுச் சங்கங்களுக்கோ நிகர இலாபத்தில் ஒரு பங்கைக் காப்பு நிதியில் சேர்ப்பது இன்றும் சட்டக் கடமை. இலாபம் வந்த ஆண்டெல்லாம் வாரி வழங்கிவிட்டு, நட்டம் வந்த முதல் மாதத்திலேயே ஆளைக் குறைக்கும் நிறுவனம், கரையே கட்டாமல் மழையை நம்பி நடவு நட்ட விவசாயியைப் போன்றது. விவசாயியாவது தன் பயிரைத்தான் இழப்பான்.

நிதி மட்டுமே சேமிப்பு ஆகாது. 2020 ஊரடங்கில் தேநீர்க் கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டுப் பாலின் தேவை சரிந்தது. மாட்டின் மடிக்கு ஊரடங்கு தெரியாதே! அப்போது கூட்டுறவுப் பால் ஒன்றியங்கள் மிஞ்சிய பாலைப் பொடியாகவும் வெண்ணெயாகவும் மாற்றி வைத்தன. அந்த வசதி நெருக்கடி வந்த பிறகு கட்டப்பட்டதன்று. முன்பே கட்டி வைத்தது. கூட்டுறவில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. பால் பணம் தள்ளிப்போகும் கதை கறவை மாடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கேட்கலாம். ஆனால் உற்பத்தியாளனையே உறுப்பினனாகக் கொண்ட அமைப்பு, புயல் வீசும்போது அவனை முதலில் இறக்கிவிட நினைக்காது.

இரண்டாவது: மறைக்காத கணக்கு

உத்திரமேரூர் என்றவுடன் உலகம் குடவோலையைச் சொல்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளிலிருந்து ஓலை எழுதிக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விவரிக்கின்றன. நாம் அதிகம் பேசாத விதி ஒன்று அதில் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அந்தச் சபையில் எல்லாருக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அது திறந்திருந்தது. நம்மில் பலருடைய முன்னோர் அதன் வாசலில்கூட நின்றிருக்க முடியாது. எனினும், பொறுப்பில் இருந்தவன் கணக்குக் காட்டாவிட்டால் மீண்டும் பொறுப்புக்கு வரக் கூடாது என்ற அந்த ஒரு விதியை நாம் விட்டுவிடத் தேவையில்லை.

அதன் அருமையை 2009 ஜனவரி உணர்த்தியது. ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவரே, தாம் காட்டிய கணக்குகள் பொய் என்று ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் நிறுவனம் சரிந்தது. மத்திய அரசு உடனே பழைய இயக்குநர் குழுவை நீக்கிப் புதிய குழுவை அமர்த்தியது. ஏப்ரலிலேயே டெக் மகிந்திரா அதை ஏலத்தில் எடுத்தது. பல்லாயிரம் ஊழியர்கள் தெருவுக்கு வராமல் தப்பினர். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பொய்க் கணக்கு எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் சாய்க்கும் என்பது ஒன்று. அரசு தாமதிக்காமல் கை கொடுத்தால் மனிதர்களைக் காக்க முடியும் என்பது மற்றொன்று. சத்யத்துக்கு மூன்று மாதத்தில் கிடைத்த முடிவு ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு ஏன் கிடைக்கவில்லை? இரண்டும் ஒரே வகை வழக்கல்ல என்பது உண்மைதான். ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த ஆலையைச் சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது 2019-இல். உற்பத்தி நின்று ஐந்து ஆண்டுகள் கழித்து.

மூன்றாவது: தொழிலாளியின் கையில் இன்னொரு தொழில்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரியிலிருந்து வாயு எடுக்கும் கருவியைச் செய்து வண்டிகளில் பொருத்தி ஓட்டினர். பணம் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. பட்டறையில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் தெரிந்த கைகள் இருந்தன. ஒரே வேலையை மட்டும் கற்பித்து வைத்த ஆளால் நெருக்கடியில் நிறுவனத்துக்கும் உதவ முடியாது, தனக்கும் உதவ முடியாது.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் ஒரு புதிய ஏற்பாடு இருக்கிறது. ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதியில் செலுத்த வேண்டும். வேறு தொழில் கற்கும் பொறுப்பில் முதலாளிக்கும் பங்குண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது வரவேற்கத்தக்கது. ஆனால் 15 நாள் சம்பளத்தில் என்ன தொழிலைக் கற்க முடியும்? ஐ.டி.ஐ.-யில் ஒரு தொழில் கற்கவே ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ ஆகிறது. வெளியே அனுப்பும் நாளில் கொடுப்பதை விட, வேலையில் இருக்கும் நாளிலேயே ஆண்டுதோறும் சில வாரங்கள் வேறொரு பிரிவில் பயிற்சி கொடுப்பது மேல். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது கிடைக்க வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

கம்பெனி தரும சத்திரமா?

'கம்பெனி என்ன தரும சத்திரமா? இலாபம் இல்லாத இடத்தை மூடத்தானே செய்வார்கள்?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்த ஆலையையும் என்றும் மூடக் கூடாது என்பது என் வாதம் அல்ல. மூடும் விதம் நிறுவனத்தின் எதிர்காலத்தையே தாக்கும் என்பதுதான்.

இதற்கும் நோக்கியாவே சான்று. 2008-இல் அது ஜெர்மனியின் போகும் நகர ஆலையை மூடி, கூலி குறைந்த ருமேனியாவுக்கு உற்பத்தியை மாற்றியது. ஜெர்மனியில் பெருங்கண்டனம் எழுந்தது. மக்கள் அதன் செல்பேசிகளைப் புறக்கணிக்க அறைகூவல் விடுத்தனர். ருமேனிய ஆலையும் 2011-இல் மூடப்பட்டது. பட்ட பிறகு நிறுவனம் பாடம் கற்றது. அதே 2011-இல், வேலை இழப்போர் புது வேலை தேடவும், புதிதாகத் தொழில் தொடங்கவும், வேறு கல்வி பெறவும் உதவும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அனுப்பப்படுகிறவனை மதித்தால், மிஞ்சியிருக்கிறவன் நம்பி வேலை செய்வான். இது தருமம் மட்டும் அன்று, நல்ல வணிகமும் ஆகும்.

ஊருக்கும் ஒரு பாடம் உண்டு. இப்பகுதி ஒரே ஆலையை நம்பி இருந்திருந்தால் 2014-க்குப் பிறகு பாழடைந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் ஆலை இருந்தது. 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் வந்தன. நிறுவனம் ஒரே தொழிலைப் பற்றி நிற்கலாம். தோற்றால் வேறொன்றுக்குத் தாவலாம். ஊரால் தாவ முடியாது. ஆகவே ஊருக்குப் பல கால்கள் வேண்டும். அவற்றில் நெல்லும் பாலும் நெசவும் இருக்க வேண்டும் என்பதை அரசு மறக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

நண்பர்களே, எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தான். நம் வேலை போனால் தாங்கிப் பிடிக்க வீட்டில் இரண்டாவது சம்பளம் இல்லை. ஆகவே வேலைவாய்ப்பு முகாமில் 'சம்பளம் எவ்வளவு?' என்பதோடு நிறுத்திக்கொள்வது நமக்குக் கட்டாது. நிரந்தரமா, ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றால் யாருடன்? வேலையில் சேர்ந்த பிறகு வேறு பிரிவில் பயிற்சி உண்டா? 2020 ஊரடங்கில் ஒப்பந்தத் தொழிலாளருக்கு என்ன செய்தீர்கள்? இந்த நான்கையும் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேட்போம். தனியாகக் கேட்டால் ஒருவேளை வேலை கிடைக்காமல் போகலாம். எல்லாரும் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிறுவனங்கள் புயலைக் கடந்த கதைகளை எங்களுக்குக் கற்பிக்கும்போது, கரை சேர்ந்த கப்பலின் பெயரோடு, ஏறியவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் சேர்த்துக் கற்பியுங்கள். நாளை எங்களில் சிலர் மேலாளர் நாற்காலியிலும் அமரக்கூடும். அப்போது ஆட்குறைப்புப் பட்டியலில் கையெழுத்திடுமுன், அந்தக் கணக்கு எங்கள் நினைவுக்கு வர வேண்டும்.